எந்த வீடியோவைப் பார்ப்பது

எங்கள் சமையலறைக்கும் சவரியப்பன் அண்ணன் வீட்டு உள்ளறைக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர்தான். அங்கே மிளகாய் வறுத்தால் இங்கே தும்மல் வரும். போன பங்குனி மாதம் முழுக்க அந்தச் சுவர் வழியாக வந்தது மிளகாய்க் காட்டமில்லை, யார் யாரோ பையன்களின் குரல்.

"வணக்கம் நண்பர்களே, நம்ம சேனலுக்கு உங்க எல்லாரையும் அன்போட வரவேற்கிறேன். இன்னிக்கு நாம என்ன பாக்கப் போறோம்னா..."

என்ன பார்க்கப் போகிறார்கள் என்பது எங்களுக்குக் கடைசிவரை தெரியாது. அதற்குள் அண்ணன் நிறுத்திவிடுவார். "இது சரியில்ல" என்பார். அடுத்தது ஓடும். அதிலும் ஒருவன் வணக்கம் சொல்வான். அதையும் நிறுத்துவார். சில சமயம் ஒரு பாட்டின் முன்னிசை மாதிரி டிங் டிங்கென்று வரும். அதுவும் பாதியில் அறுந்துபோகும்.

என் வீட்டுக்காரர் சென்னகிருஷ்ணன் களி உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே சுவரைப் பார்ப்பார். "ஏ மாது, இவரு எதயாச்சும் முழுசா பாக்கவே மாட்டாரா? பாதியில நிறுத்தி நிறுத்தி எனக்கு சோறு எறங்க மாட்டேங்குது."

"அவரு பாட்டு ரெக்கார்ட் பண்றதுக்கு கத்துக்கினு இருக்காரு."

"எங்க கத்துக்கறாரு? வணக்கம்தான் வாங்கிக்கினு இருக்காரு."

சவரியப்பன் அண்ணன் காளையார்கோவில் பக்கத்துக்காரர். ஓசூர் சிப்காட்டில் ஒரு வார்ப்படக் கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறவர். அச்சிலிருந்து வரும் உருப்படியைக் கையில் வாங்கி, தடவி, தட்டி, அளந்து, எங்காவது ஓட்டையோ விரிசலோ இருந்தால் சிவப்புப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்து ஒதுக்கிவைப்பது அவர் வேலை. கம்பெனியில் அவருக்கு நல்ல பேர். அந்த வேலையை அவர் வீட்டுக்கும் கொண்டுவந்துவிடுவார் என்பதுதான் தொந்தரவு. அவர் மிக்சி வாங்கியதை எங்கள் காம்பவுண்டே வேடிக்கை பார்த்தது. ஊரில் உள்ள மிக்சியை எல்லாம் ஆராய்ந்து அவர் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குள் ஜெயசெல்வி அக்கா மாதக்கணக்கில் எங்கள் வீட்டில் வந்துதான் தேங்காய் அரைத்தாள்.

அக்காவுக்கும் எனக்கும் ஒரே இடத்தில் வேலை. பாகலூர் தாண்டி ஒரு ரோஜாக் கம்பெனி. பாலிஹவுஸ் என்கிற பிளாஸ்டிக் கூடாரத்தில் வெட்டி வருகிற பூவைத் தண்டு நீளம் பார்த்துப் பிரித்து, இலை கழித்து, அட்டையில் சுற்றி, குளிர் அறைக்குள் அனுப்புகிற மேசையில் நானும் அக்காவும் எதிரெதிரே நிற்போம். நிற்பதுதான் வேலை. சாயங்காலம் வேனில் ஏறும்போது குதிகால் கழன்று விழுந்துவிடும் போலிருக்கும். அந்த நேரத்தில் அக்கா பாடுவாள். டிரைவர் எஃப்.எம்-மை அணைத்துவிடுவார். சர்ச்சில் பாடகர் குழுவில் அவள்தான் முதல் குரல். நான் சர்ச்சுக்குப் போகிறவள் இல்லை. ஆனால் கிறிஸ்துமஸ் அன்று அவள் பாடுவதைக் கேட்கவென்றே வாசலில் போய் நின்றிருக்கிறேன். மேலே போகப் போக மற்றவர்களுக்குக் குரல் இழை மாதிரி மெலிந்துவிடும். அக்காவுக்கு மேலே போனால்தான் இடம் தாராளமாகக் கிடைத்த மாதிரி இருக்கும்.

மாசிக் கடைசியில் அவள் கழுத்தில் ஒரு கட்டி என்று தெரிந்தது. பெங்களூர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்த மறுநாள், மேசையில் பூப் பிரித்துக்கொண்டே சொன்னாள்.

"ஆபரேசன் பண்ணணுமாம் மாது. தைராய்டு. ஈஸ்டர் முடியட்டும்னு கேட்டு, மே மாசம் தேதி வாங்கியிருக்கேன். எடுத்துப் பரிசோதன பண்ணாத்தான் நல்ல கட்டியா கெட்ட கட்டியான்னு உறுதியா சொல்ல முடியுமாம்."

"ஐயோ அக்கா."

"இன்னும் கேளு. அதுக்குப் பின்னாடியே குரல் நரம்பு போகுதாம். தொடாமத்தான் எடுப்போம், ஆனா சொல்றது எங்க கடமைன்னாரு டாக்டரு. பேச்சு வந்துருமாம். பாட்டுல மேல போறது முன்னப்பின்ன ஆகலாமாம். அவ்வளவுதான் சொன்னாரு. இந்த மனுசன் அத மட்டும் புடிச்சுக்கிட்டாரு."

"எத?"

"பாட்ட. ஆபரேசனுக்கு முன்னாடி என் பாட்டையெல்லாம் ஒழுங்கா ரெக்கார்ட் பண்ணி வைக்கணுமாம். மைக்கு வாங்கியாச்சு. மைக்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவுல சொருகுறதுக்கு ஒரு பெட்டி வாங்கியாச்சு. பிரீதாவோட லேப்டாப்ப புடுங்கியாச்சு. பாவம், அது பர்கூர் காலேஜ்ல அடுத்தவ லேப்டாப்ல பிராஜக்ட் எழுதிக்கிட்டு கெடக்கு."

"நல்ல விசயம்தானக்கா. உன்மேல ஆசையிலதான செய்யறாரு."

"ஆசைதான். யாரு இல்லன்னா? ஆனா இன்னும் ஒரு வரி பாடலடி நான்."

அது உண்மை. அண்ணன் முதலில் சரியான வீடியோவைத் தேர்ந்தெடுக்க வேண்டும், பிறகு முழுசாகக் கற்றுக்கொள்ள வேண்டும், அதன்பிறகுதான் பதிவு என்று முடிவு செய்திருந்தார். தேர்ந்தெடுப்பதே முடியவில்லை.

ஒருநாள் சாயங்காலம் அக்கா வீட்டுக்குள் போனவள் போன வேகத்தில் வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டாள். என்னவென்று எட்டிப் பார்த்தேன். உள்ளறையில் கட்டில் வெறும் பலகையாகக் கிடந்தது. மெத்தையை நிமிர்த்தி ஜன்னலை மறைத்துச் சாத்தியிருந்தார். நாலு சுவரிலும் ஆணி அடித்துக் கம்பளி, ஜமுக்காளம், மகள் பிரீதாவின் பழைய போர்வை எல்லாம் தொங்கின. ஃபேன் ஓடவில்லை. அண்ணன் வேர்த்து ஒழுகி, பனியன் முதுகில் ஒட்டியிருக்க, லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

"எக்கோ அடிக்குதுன்னு ஒரு வீடியோவுல சொன்னான் மாதும்மா. ரூம செட் பண்ணாத்தான் குரல் சுத்தமா விழும்."

வெளியிலிருந்து அக்கா கத்தினாள். "காலைலேர்ந்து நின்னுட்டு வாரேன். படுக்க மெத்த வேணும்னு உங்க வீடியோக்காரன்ட்ட கேட்டு சொல்லுங்க!"

"ஒரு பத்து நாள் செல்வி."

"போன மாசமும் பத்து நாள்தான்."

அண்ணன் என்னைப் பார்த்துக் கையசைத்தார். "நீ வந்தது நல்லதாப் போச்சு. இங்க வா. இவன் கன்னடத்துல சொல்றான், பாத்தா வெவரமான ஆளா தெரியுது. என்ன சொல்றான்னு கேட்டு சொல்லு."

எங்கள் வீட்டில் தெலுங்கு, கம்பெனி மேசையில் பாதிப் பேர் கன்னடம், பள்ளிக்கூடத்தில் படித்தது தமிழ். அதனால் காம்பவுண்டில் யாருக்கு எந்த பாஷையில் கடிதாசு வந்தாலும் என்னிடம்தான் வரும். உட்கார்ந்தேன். திரையில் தாடி வைத்த ஒருவன் கையை ஆட்டி ஆட்டிப் பேசினான்.

"என்ன சொல்றான்?"

"சப்ஸ்கிரைப் பண்ண சொல்றான்ணா."

"சரி. அப்பறம்?"

"அந்த பெல்லயும் அமுக்க சொல்றான்."

"விசயத்துக்கு வந்தானா?"

"இருங்கண்ணா... போன வீடியோவ பாக்காதவங்க மொதல்ல போயி அத பாத்துட்டு வாங்கன்றான்."

அண்ணன் போய் அதைத் தேடினார். அதில் அதே தாடிக்காரன், அதற்கும் முந்தையதைப் பார்த்துவிட்டு வரச்சொன்னான். அண்ணன் பெருமூச்சு விட்டார்.

"இதான் கத மாதும்மா. இங்கிலீஷ்காரன் நல்லாத்தான் சொல்றான், ஆனா ஓடுறான். நாம ஒரு பட்டனத் தேடுறதுக்குள்ள அவன் பாட்டே முடிச்சுர்றான். இந்திக்காரன் நிதானமா சொல்றான், நமக்குப் புரியல. கோயமுத்தூர்ப் பையன் ஒருத்தன் இருக்கான், தங்கம். பச்சப்புள்ளைக்கு சொல்ற மாதிரி சொல்றான். ஆனா அவன்ட்ட இருக்கது பழைய வெர்ஷன். அவனுக்கு இடப்பக்கம் இருக்க பட்டன் நமக்கு வலப்பக்கம்கூட இல்ல. அதுவும் மூணு பாகம் போட்டுட்டு நாலாவது போடவே இல்ல. கீழ அத்தன பேரும் 'ப்ரோ, நாலு எங்க ப்ரோ'ன்னு கேட்டுக் கெடக்காங்க. ரெண்டு வருசமா பதில் இல்ல."

"அண்ணா, நான் ஒண்ணு சொல்லட்டா? அக்காவ பாட சொல்லுங்க, போன்ல எடுத்துடலாம். எங்க சித்தி பொண்ணு கல்யாணத்துல அப்பிடித்தான் எடுத்தோம், நல்லாதான் இருந்துச்சு."

"போன்லயா?" என்றார். தரையில் சோற்றைக் கொட்டித் தின்னச் சொன்ன மாதிரி இருந்தது அவர் முகம். "திருவிழாவுல எல்லாம் போன்ல எடுத்ததுதான் இருக்கு. ஒண்ணுலயாச்சும் அவ குரல் இருக்கா? எல்லாம் கீபோர்டும் கைத்தட்டலும்தான். அவ குரல் மட்டும் தனியா வேணும் எனக்கு."

படியிலிருந்து அக்கா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். எழுந்துபோய் அரிசி களைந்தாள்.

ஈஸ்டர் வந்தது. அன்றைக்கு அக்கா சர்ச்சில் பாடினாள். நானும் வாசலில் நின்று கேட்டேன். பக்கத்தில் நின்றிருந்த அண்ணன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார் என்று பார்த்தால், கூரையை அண்ணாந்து பார்த்தபடி, "எக்கோ ரொம்ப இருக்கு" என்று முணுமுணுத்தார். எனக்கே திட்டு வாயில் வந்துவிட்டது, அடக்கிக்கொண்டேன்.

அதற்குப் பிறகு அவர் சாஃப்ட்வேரையே மாற்றினார். முதலில் வைத்திருந்தது இலவசம், அது பத்தாது என்று ஒரு வீடியோவில் சொல்லிவிட்டார்களாம். அடுத்ததை இறக்கினார். எது சிறந்தது என்று இரண்டையும் ஒப்பிடுகிற வீடியோக்களைப் பார்க்க ஆரம்பித்தார். ஒப்பிடுகிறவர்கள் ஆளுக்கொன்று சொன்னார்கள். மூன்றாவதாக ஒன்று நல்லது என்று ஒருத்தன் சொன்னதும் அண்ணன் கம்பெனிக்கு லீவு போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பிரீதா ஒரு சனிக்கிழமை வந்தபோது நேராகவே கேட்டாள். "அப்பா, மைக்க சொருகி, இந்த சிவப்பு பட்டன அமுக்குனா ரெக்கார்ட் ஆகும். அவ்ளோதான்பா. மத்ததெல்லாம் அப்பறம் சரி பண்ணிக்கலாம்."

"அமுக்குறது எல்லாருக்கும் தெரியும்டா. தப்பா வார்த்துட்டா அப்பறம் ராவி ராவி ஒண்ணும் ஆகப்போறதில்ல."

"அம்மா என்ன கியர் பாக்ஸா?"

"உனக்குப் புரியாது."

ஒரே ஒரு தடவை, மனசு வந்து, அக்காவை மைக் முன்னால் உட்காரவைத்தார். அக்கா முதல் வரியை எடுத்தாள். "நிறுத்து, செவப்பு லைட்டு வந்துருச்சு." மறுபடி எடுத்தாள். "இப்ப சத்தம் பத்தல." மூன்றாவது தடவை ஹெட்போனில் அவள் குரல் அவளுக்கே பின்னால் வந்து விழுந்ததாம், கிணற்றுக்குள்ளிருந்து யாரோ திருப்பிச் சொல்கிற மாதிரி. அவள் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு எழுந்துவந்தாள். என் வீட்டில் வந்து தண்ணீர் குடித்தாள்.

"என்னையப் பாக்கவே மாட்டேங்குறாரு மாது. நான் பாடுறேன், அவரு அந்தக் கோடு ஏறுறதையும் எறங்குறதையும் பாக்குறாரு."

மே மாத ஆரம்பத்தில், மத்தியானம் சாப்பாட்டு மணி அடிக்கும் நேரம், மேசையில் இருக்கும்போது அக்காவுக்கு போன் வந்தது. கேட்டாள், முகத்தைச் சுளித்தாள், என்னிடம் நீட்டினாள். "கன்னடம்."

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு பெண். தன்மையாகத்தான் பேசினாள். நீங்கள் கேட்டுக்கொண்டபடி ஆபரேஷன் தேதியை ஜூன் கடைசிக்குத் தள்ளியிருக்கிறோம், சரிதானே, உறுதி செய்யத்தான் கூப்பிட்டேன் என்றாள். நான், யார் கேட்டது என்றேன். கணவர் சவரியப்பன் என்று சொன்னாள்.

போனைக் கையால் பொத்திக்கொண்டேன். ஆனால் சொல்லாமல் என்ன செய்வது? சொன்னேன். அக்கா கையிலிருந்த பூக்கட்டைக் கீழே வைத்தாள். முள் குத்தி விரலில் ரத்தம் துளிர்த்திருந்தது, அதைப் புடவையில் துடைத்தாள். சூப்பர்வைசரிடம் போய் ஏதோ சொன்னாள். "வா" என்றாள் என்னிடம். பஸ் பிடித்து வந்தோம்.

அண்ணன் இரண்டாவது ஷிஃப்டுக்குக் கிளம்பாமல் லேப்டாப் முன்னால்தான் இருந்தார்.

"ஆஸ்பத்திரிக்கு போன் பண்ணீங்களா?"

அவர் திரும்பிப் பார்த்தார். "பண்ணேன். உன்ட்ட சொல்லலாம்னுதான் இருந்தேன்."

"எதுக்குப் பண்ணீங்க?"

"இப்பத்தான் சரியான ஆளு ஒருத்தனப் புடிச்சிருக்கேன் செல்வி. வரிசையா போட்டிருக்கான், ஒண்ணுகூட விடாம. அத முடிச்சுட்டா போதும். மூச்சு சத்தத்த எடுக்குறது, குரலக் கொஞ்சம்..."

"கட்டி எனக்கா, கம்ப்யூட்டருக்கா?"

"அவசரமில்லன்னு டாக்டரே சொன்னாருல்ல?"

"எப்பச் சொன்னாரு? ஈஸ்டர் வரைக்கும் அவசரமில்லன்னு சொன்னாரு. சதைய எடுத்துப் பாத்தாத்தான் கெட்டதான்னு தெரியும்னு சொன்னாரே, அது காதுல விழுந்துச்சா? அவரு அத சொல்லிக்கிட்டு இருக்கப்ப நீங்க குறுக்க பூந்து நரம்பப் பத்திக் கேட்டீங்க. எனக்கு அங்கேயே வெளங்கிருச்சு."

"உன் குரலுக்காகத்தான செல்வி இத்தன பாடும்."

"என் குரலுக்கு நீங்க ஒண்ணும் செய்யல. உங்களுக்கு பயம். அந்தத் தேதி வரக்கூடாது, அதுக்கு ஒரு சாக்கு வேணும். பயமா இருக்குன்னு வாயத் தெறந்து சொன்னா நானும் சேந்து பயந்துட்டுப் போவேன்ல? அத விட்டுட்டு எவன் எவன் மூஞ்சியோ பாத்துக்கிட்டு இருக்கீங்க!"

"நீ பாடாமப் போயிட்டா..." என்று ஆரம்பித்தார்.

"பாடாமப் போனா என்ன? நான் இருப்பேன்ல?"

திரையில் ஒரு பையன் பேச்சின் நடுவில் நின்றுபோய், கையைத் தூக்கியபடி இருந்தான். அக்கா கையை நீட்டி லேப்டாப்பை மூடினாள்.

"மாது, அந்தப் பொண்ணுக்குத் திருப்பி போன் போடு."

போட்டேன். பழைய தேதியை இன்னும் யாருக்கும் கொடுக்கவில்லை என்றாள். அதையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நான் பேசி முடிக்கும்வரை அண்ணன் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து, ஜன்னலிலிருந்து மெத்தையை எடுத்துக் கட்டிலில் போட்டார்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டிய நாளுக்குப் பிரீதா வந்துவிட்டாள். குருபரப்பள்ளியில் பஸ் நின்றபோது ரோட்டோரக் கடையில் ஒரு பை மாம்பழம் வாங்கிவந்திருந்தாள். சாயங்காலம் வண்டி வருவதாக ஏற்பாடு. அக்கா குளித்து, வெளுத்த புடவை கட்டி, துணிப்பையைத் தயார் செய்து வைத்துவிட்டு, உள்ளறைக்குப் போய் மைக் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"சரி. ஒண்ணே ஒண்ணு பாடுறேன். மறுபடி பாடுன்னு சொன்னா எந்திரிச்சுருவேன்."

அண்ணனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஓடிப்போய் ஃபேனை அணைத்தார். மெத்தையைச் சாத்தினார். பெட்டியைச் சொருகினார். சாஃப்ட்வேரைத் திறந்தார். எல்லாம் சரியாக இருந்தது. அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள். அண்ணன் பட்டனை அமுக்கப் போன நேரத்தில் திரை கறுத்துப்போனது. பிறகு நீலமாகி, நடுவில் ஒரு வட்டம் சுற்ற ஆரம்பித்தது. புதுப்பிப்பு நடக்கிறது, கணினியை அணைக்க வேண்டாம் என்று எழுத்து வந்தது.

"அப்பா!" என்றாள் பிரீதா. "இது எத்தன நாளா கேட்டுனு இருந்துச்சு?"

"வீடியோ பாக்குறப்ப குறுக்க குறுக்க வந்துச்சுடா. அப்பறம், அப்பறம்னு தள்ளிக்கிட்டே வந்தேன்."

"நீங்களும் தள்ளுவீங்க, அதுவும் தள்ளுமா? அதுக்கு ஒரு நாள் வரும்ல!"

வட்டம் சுற்றியது. எவ்வளவு முடிந்தது என்று காட்டுகிற எண் ஓரிடத்தில் வந்து அசையாமல் நின்றது. பிரீதா கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். "அம்மா, நீங்க பாடுங்க. நான் இதுல எடுக்கறேன்." அண்ணன் இந்தத் தடவை வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானே அடித்திருப்பேன்.

அக்கா வாயெடுப்பதற்குள் தகரத்தில் கல் விழுந்த மாதிரி சத்தம். மத்தியானத்திலிருந்து இருட்டிக்கொண்டு நின்ற வானம், அந்த நேரம் பார்த்து ஆலங்கட்டியோடு கொட்டியது. படிக்கட்டுக்கு மேலே போட்டிருந்த தகரக் கூரையில் அது விழுகிற இரைச்சலில் நாங்கள் பேசுவதே எங்களுக்குக் கேட்கவில்லை. பிரீதா போனைப் பிடித்தபடியே நின்றாள். அண்ணன் வட்டத்தைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், மறுபடி வட்டத்தைப் பார்த்தார். ஸ்டூலில் அக்கா கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தாள். மழை விடுவதாக இல்லை.

வாசலில் ஹாரன் அடித்தது. அக்கா எழுந்தாள்.

"வண்டி வந்துருச்சு. வாங்க. போயிட்டு வந்து பாடிக்கலாம்."

கட்டி கெட்டதில்லை. அதுவரைக்கும் நல்லது. பரிசோதனை முடிவு வந்த அன்று அண்ணன் சர்ச்சில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, எங்கள் தெருமுனை மாரியம்மன் கோயிலிலும் போய்ச் சூடம் கொளுத்திவிட்டு வந்தார்.

குரல் மட்டும் வரவில்லை. பேசினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குவது போல வந்தது. நரம்பு அறுபடவில்லை, சோர்ந்திருக்கிறது, ஆறு மாதமோ ஒரு வருடமோ ஆகலாம், பேச்சு தேறிவிடும், மேல்குரலுக்கு உறுதி சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முதல் சில வாரம் கூடியமட்டும் பேசவே கூடாது.

மெல்லாமல் முழுங்குவதற்குக் களி சுலபம் என்று நான் கேழ்வரகுக் களி கிண்டி எடுத்துக்கொண்டு போவேன். இத்தனை வருடம் ஓசூரில் இருந்தும் களியைத் தொடாதவள், முகத்தைச் சுளித்துக்கொண்டே முழுங்கினாள். அண்ணன் வீட்டுக்குள் திருடன் மாதிரி நடந்தார். மைக்கையும் பெட்டியையும் அட்டைப் பெட்டிக்குள் போட்டுக் கட்டிப் பரண்மேல் வைத்துவிட்டார். சுவரிலிருந்து கம்பளிகளைக் கழற்றினார். ஆணிகள் மட்டும் நின்றன. அக்காவுக்குக் கோபம் வந்தால் கத்த முடியாது, தட்டை ஓங்கி வைப்பாள். சுவருக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு அதுதான் கேட்கும்.

ஒருநாள் களி கொண்டுபோனபோது பரணிலிருந்த பெட்டி கீழே இருந்தது. அக்கா கட்டிலில் சம்மணமிட்டு, லேப்டாப்பை வைத்துக்கொண்டு அந்தக் கோயமுத்தூர்ப் பையனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "வணக்கம் நண்பர்களே" என்றான். நான் வழக்கம்போல அவன் நிற்பான் என்று காத்திருந்தேன். நிற்கவில்லை. பேசிக்கொண்டே போனான். எனக்கு அது புதிதாக இருந்தது.

"ஏன்க்கா இந்தப் பையன்?"

"இவன்தான் மொதல்ல வந்தான்." காற்றுக் குரலில் சொன்னாள்.

அண்ணன் கதவருகே வந்து நின்றார். "செல்வி, அது பழைய வெர்ஷன். அவன் சொல்ற பட்டன் நம்மதுல..."

அக்கா கையைத் தூக்கினாள். அவர் போய்விட்டார்.

எல்லாம் உடனே வந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். பையன் சொன்ன இடத்தில் பட்டன் இல்லாவிட்டால் அக்கா ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்ப்பாள். ஒருமுறை ஏதோ அமுக்கித் திரை முழுக்கக் கோடாகிவிட்டது. ஒருமுறை எதையோ பதிவு செய்து, சேமிக்காமல் மூடி, தலையில் அடித்துக்கொண்டாள். பிரீதாவுக்கு எழுதி எழுதிக் கேட்பாள். அந்தப் பெண் பரீட்சைக்கு நடுவிலும் பதில் போட்டது. வேலைக்குத் திரும்பிய பிறகும் சாயங்காலங்களில் உட்கார்ந்தாள். மூன்று பாகமும் முடிந்தன. நாலாவது இல்லாததற்கு வருத்தப்பட்ட மாதிரித் தெரியவில்லை.

ஆடி மாதம் சர்ச்சில் ஒரு பேச்சு வந்தது. செப்டம்பர் மாதா திருவிழாவுக்கு ஒரு பாட்டைப் பதிவு செய்து எல்லோருக்கும் அனுப்பலாம் என்றார்கள். யார் எடுப்பது என்றபோது அக்கா, நான் எடுக்கிறேன் என்றாளாம். அதற்குள் பேச்சு கொஞ்சம் தேறி, கரகரப்பாக வந்துகொண்டிருந்தது. பாடப்போவது பிரவீனா. ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அக்கா வயதுதான். இத்தனை வருடமாக அக்காவுக்குப் பக்கத்தில் இரண்டாம் குரலாக நின்றவள். இரண்டு பேருக்கும் பெரிய ஒட்டுதல் இருந்ததில்லை. இப்போது முதல் குரல் அவளிடம் வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பிரவீனா வந்தாள். வந்தவள் உள்ளறை வாசலிலேயே நின்றாள்.

"செல்வி, உன் முன்னாடி எனக்கு வராது. நீ பாடி நான் கேட்ட பாட்டு இது."

"எனக்கு முன்னாடி பாட வேண்டாம். மைக்கு முன்னாடி பாடு. உக்காரு."

என்னை எங்கள் வீட்டுக் குக்கரை இறக்கிவைத்துவிட்டு வரச்சொன்னாள். விசில் சுவர் தாண்டி வருமாம். ஃபேனை அணைத்தாள். கம்பளிகள் திரும்பவும் ஆணிக்கு ஏறியிருந்தன. மெத்தையைக் கட்டிய கயிறு நழுவிக்கொண்டே இருந்ததால் அண்ணனை ஜன்னலோரம் நிற்கவைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொள்ளச் சொன்னாள். அவர் அப்படியே நின்றார். ஒரு யோசனையும் சொல்லவில்லை.

பிரவீனா பாடினாள். கீழே நன்றாகத்தான் இருந்தது. மேலே ஏறுகிற ஓரிடம் வந்தது. அங்கே குரல் உடைந்தது. அக்கா நிறுத்தி, மறுபடி என்றாள். மறுபடியும் அங்கேயே உடைந்தது. மூன்றாவது தடவை பிரவீனா அந்த இடத்துக்கு வருவதற்கு முன்பே பயந்து அடங்கிப்போனாள்.

"அப்படி இல்ல. அங்க போயி முட்டக் கூடாது. இப்பிடி..." என்று அக்கா நிமிர்ந்து, வாயைத் திறந்து, அந்த இடத்தைப் பாடிக் காட்டினாள்.

குரல் வரவில்லை. வெறும் மூச்சு வந்தது. வாய் முழுதாகத் திறந்திருந்தது, புருவம் ஏறியிருந்தது, கை தன்பாட்டில் மேலே எழுந்திருந்தது. பாட்டு நடக்கிற எல்லாம் முகத்தில் நடந்தது. சத்தம் மட்டும் இல்லை. அவளுக்கே அது தெரிய ஒரு நொடி ஆனது. வாயை மூடினாள். கையை இறக்கினாள். பிரவீனா கண்ணை எங்கே வைப்பதென்று தெரியாமல் மைக்கைப் பார்த்தாள்.

"புரிஞ்சதா?" என்றாள் அக்கா. "பாடு."

பிரவீனா பாடினாள். இந்தத் தடவை அந்த இடத்துக்கு வந்ததும் குரல் உடையவில்லை. அக்கா குரல் மாதிரி அகலமில்லை. ஆனால் போனது, நின்றது, இறங்கியது. அக்கா திரையைப் பார்க்கவில்லை. பிரவீனாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பாட்டு முடிகிற இடத்தில் ஜன்னல் பக்கமிருந்து ஒரு உறிஞ்சல் கேட்டது. பிறகு இன்னொன்று. மெத்தையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அண்ணன் குலுங்கிக்கொண்டிருந்தார்.

அக்கா ஹெட்போனை ஒரு காதிலிருந்து நகர்த்தினாள்.

"என்னங்க, அழுவுறதா இருந்தா வெளிய போயி அழுங்க. மைக்குல விழுது."

"மெத்தைய யாரு புடிக்கிறது?" என்றார் அவர், முகத்தை எடுக்காமலே.

நான் எழுந்து போய் மெத்தையைப் பிடித்துக்கொண்டேன். அண்ணன் மூக்கைத் துடைத்தபடி வெளியே போய்க் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார். அக்கா ஹெட்போனைச் சரியாக மாட்டிக்கொண்டாள்.

"மொதல்லருந்து பிரவீனா" என்றாள்.